சி. கிருபாவின் சி

கிருபாவின் பெயருக்கு முன்னால் நின்ற சி என்ற ஒற்றை எழுத்துக்கு ஒன்பது வருடங்களில் ஏழு விரிவுகள் இருந்தன. ஒன்று மலை, ஒன்று மூட்டையில் வரும் சரக்கு, ஒன்று குடிதண்ணீர். ஒருவர் மட்டும் மனிதர். ஏழில் நான்கு பேர் பள்ளிக்கூடத்துக்கு நேரிலேயே வந்து, தகப்பன் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஊஞ்சக்காட்டுப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கொப்பரை விலையைச் சொல்லும் குரலில்தான் சொல்வார்கள். விலை என்றாலாவது குரல் கொஞ்சம் ஏறும்.

தொண்ணூறாம் வருடம் ஜூன் மாதம் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, சாந்தாமணி தன் மகளை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள். குடை கிடையாது. சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்றை இரண்டு தலைக்கும் சேர்த்துப் போர்த்தியிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத சாந்தாமணிக்குத் தென்னந்தோட்டத்துக் களத்தில் தேங்காய் உடைத்துக் கொப்பரை காயப்போடும் வேலை. தோட்டத்துச் சொந்தக்காரரைக் களத்து ஆட்கள் எல்லோரும் பண்ணாடி என்று கூப்பிடுவார்கள். கிருபா அவருக்குப் பிறந்தவள். ஊருக்கே இது தெரியும், ஆனால் ஊருக்குத் தெரிவது வேறு, வாயால் சொல்வது வேறு. பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது பண்ணாடி அவளைக் களத்து ஓரமாகக் கூப்பிட்டு, "எம்பேரை மட்டும் எங்கியும் சொல்லிப்போடாத அம்மணி. தோட்டத்துச் சாளை உனக்கே இருக்கட்டும். பேரு வெளிய வந்துச்சுன்னா சாளையும் இல்ல, களத்து வேலையும் இல்ல" என்றார். சாளை என்பது தோட்டத்துக்குள் ஆள் தங்குவதற்கான ஒற்றை அறை வீடு. சாந்தாமணிக்கு உலகத்தில் இருந்த ஒரே கூரை அது. பிரசவ வலியில் மருத்துவச்சி கேட்டபோதுகூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேரைச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் ரிஜிஸ்டர் எழுதியவர் லட்சுமியம்மாள் டீச்சர். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மதியச் சோறு இறங்காத ரகம். வயதைப் பார்த்து நேரே இரண்டாம் வகுப்பில் போட்டுக்கொண்டார், பெயரை எழுதிக்கொண்டார், பிறகு இனிஷியல் என்ன என்று கேட்டார். சாந்தாமணி தரையைப் பார்த்தாள். இனிஷியல் இல்லாத பிள்ளையை மற்றப் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. எழுத்தைச் சொன்னால் பேரைச் சொன்னதாகாது என்று அந்த நிமிடத்தில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"சிங்க" என்றாள்.

"சி-ன்னா என்ன பேரு?"

"சி மட்டும் போதுமுங்க டீச்சர்."

லட்சுமியம்மாள் பெட்ஷீட்டையும் அதற்குள் இருந்த இரண்டு ஈர முகங்களையும் பார்த்துவிட்டு, தகப்பனார் பெயர் என்ற கட்டத்தை நாளைக்கு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலையில் கட்டம் நிரம்பியிருந்தது. சின்னிமலை என்று எழுதியிருந்தது, சாந்தாமணி வாயில் சென்னிமலை அப்படித்தான் வரும். அதே நீல மை, அதே டீச்சருடைய சாய்ந்த கையெழுத்து. டீச்சர் பிளேடால் சுரண்டிப் பார்த்தார், சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தபோது மறுபடியும் இருந்தது. ஊர்ப் பெயரை ஆளுக்கு வைப்பது புதிதா என்ன, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ரிஜிஸ்டரை மூடினார்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து, மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்து வாங்கிவரச் சொன்ன வெள்ளிக்கிழமை, தொண்ணூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சென்னிமலை வந்தது. மலை எப்படி வரும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முழு மலை வரவில்லை, நிழல்தான் வந்தது. பதினோரு மணி வாக்கில் பள்ளிக்கூட மைதானத்தில் மலை அளவுக்கு ஒரு நிழல் விழுந்தது. உச்சியில் கோயில் கோபுரத்தின் நிழலும், படிக்கட்டில் ஏறுகிறவர்களின் நிழலும்கூடத் தெரிந்தன. தறித்துணிக்குப் போடும் கஞ்சி வாசம் அடித்தது. பிள்ளைகள் அன்றைக்கு அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்றரை மணிக்கு நிழல் விலகியபோது கிருபாவின் அட்டையில் ஏறி இறங்கும் ஒரு கோடு இருந்தது. டீச்சர் அதைக் கையெழுத்து என்று ஏற்றுக்கொண்டார். அதைவிட மோசமாகக் கையெழுத்துப் போடுகிற தகப்பன்மார் ஊரில் இருந்தார்கள்.

இரண்டு வருடம் அந்தக் கட்டம் அப்படியே இருந்தது. தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் அடைமழை பிடித்துச் சாளையின் மேற்குச் சுவர் உப்பிக்கொண்டு வந்தது. சுவர் விழுந்தால் பிள்ளை மேல்தான் விழும். சாந்தாமணி ராத்திரிகளில் முதுகைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்து தூங்கினாள். அந்த வாரம் புது ரிஜிஸ்டர் போட்டார்கள், டீச்சர் இனிஷியலை மறுபடி கேட்டார், அவளும் மறுபடி சி என்றாள். எழுதி முடிப்பதற்குள் கட்டத்தில் சிமெண்ட் என்று விழுந்தது. அன்று மதியமே சாளையின் மண்சுவர் நான்கும் இறுகிப்போயின. எலி வளைகள் அடைபட்டு எலிகள் கோபத்தோடு வாய்க்கால் பக்கம் போயின. பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணுக்கு நாலு கலவைங்க, பூச்சு மட்டும் இன்னும் ஒரு கை வேணும்" என்று குறை சொல்லிவிட்டுப் போனார். அரையாண்டில் பெற்றோர் கூட்டத்துக்குச் சிமெண்ட்டும் வந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தூளாக உட்கார்ந்திருந்தது, அட்டையில் சாம்பலாக ஒரு கட்டைவிரல் தடம் வைத்தது, பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தும்மினார்கள்.

தொண்ணூற்று நாலில் கிணறுகள் வற்றின. சாந்தாமணி பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள், திரும்பும் வழியில் காந்திபுரத்தில் பஸ் மாறும்போது ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் பிள்ளை கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றது. அந்த வருடம் ரிஜிஸ்டரில் சிறுவாணி என்று வந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சாளையின் பானையில் சிறுவாணித் தண்ணீர் தானாக ஊறியது. கோயமுத்தூர்க்காரர்கள் வீண்பெருமை பேசுவதில்லை, அது இனிக்கத்தான் செய்தது. ஊரே குடத்தோடு வந்து நின்றது. சாந்தாமணி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை, பண்ணாடி வீட்டிலிருந்து வந்த குடத்தையும் நிரப்பித்தான் அனுப்பினாள். முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியதும் ஊற்று நின்றுவிடும், ஜூனில் திறந்ததும் ஊறும். மதிப்பெண் அட்டையில் அந்த வருடக் கையெழுத்து, பள்ளிக்கூடக் குழாயில் சிறுவாணியே வந்து போட்ட ஒரு ஈரத் தடம். இன்றைக்கும் காயவில்லை.

லட்சுமியம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது தொண்ணூற்றாறில்தான். அந்த ஜூனில் கட்டத்தில் சின்னமுத்து என்று வந்தது. நான்கு நாள் கழித்து ஒரு பஸ் கண்டக்டர் காக்கிச் சட்டையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க டீச்சர், எம்பேரு உங்க ரிஜிஸ்டருல இருக்குதுன்னு மனசுக்குள்ள யாரோ சொல்லிட்டே இருக்கறாங்க. எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டார். பொள்ளாச்சி டவுன் பஸ்ஸில் போகிறவர். ஸ்டாப்பே இல்லாத கொப்பரைக் களத்து முன்னால் வாராவாரம் சந்தைக்குப் போகிற சாயங்காலம் விசிலடித்து வண்டியை நிறுத்தி சாந்தாமணியை ஏற்றிக்கொள்வார், அவ்வளவுதான் சம்பந்தம். அப்போதுதான் டீச்சருக்கு எல்லாம் கூடிவந்தது. பேனா யார் கையில் இருந்தாலும் சரி, சாந்தாமணி எழுத்தைச் சொல்லும் வேளையில் எதை நம்பி நிற்கிறாளோ அதுவாகத்தான் அந்தச் சி விரிகிறது.

ஊர் சும்மா இருக்குமா? கண்டக்டரையும் சாந்தாமணியையும் சேர்த்து வைத்து வாய்க்கு வந்ததை எல்லாம் பேசியது. பேச்சு உடுமலைப்பேட்டையில் இருந்த கண்டக்டரின் சம்சாரம் காதுக்கும் போய், அந்த அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து இறங்கினார். சாளைக்குள் போனார், பிள்ளையின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார், இரண்டு தோசை சாப்பிட்டார். "வருசத்துக்கு மூணு கையெழுத்துத்தானுங்க, போட்டுட்டு வரட்டும். எங்க பசங்க அட்டையில போடறதுக்குத்தான் இவருக்கு நேரமே இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார். சின்னமுத்து இரண்டு வருடம் ஒழுங்காக வந்தார், ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஈரோட்டுக்கு மாற்றலாகிப் போனார். சாந்தாமணி அன்று மட்டும் களத்தில் தேங்காய் உடைக்கும்போது அழுதாள். மற்றபடி அவள் அழுகிற ஆள் இல்லை.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் தொண்ணூற்றெட்டு நவம்பரில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் நாள் வந்தது. லட்சுமியம்மாள் சாந்தாமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: பள்ளிக்கூட ரிஜிஸ்டர் வேறு, இது வேறு. இதில் எழுதுவதுதான் மார்க் ஷீட்டில் அச்சாகும், சாகும்வரை மாறாது, ஒரே ஒரு பேர்தான் எழுத முடியும். கிருபா காலாண்டில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாள். பரீட்சை எழுதினால் மேலே படிப்பாள், எழுதாவிட்டால் ஜனவரியிலிருந்து அம்மாவோடு களத்தில் உட்காரவேண்டியதுதான். சாந்தாமணி பயந்துபோனாள். பயந்தவள் கையில் அகப்பட்டதை எல்லாம் பிடித்தாள், எழுத்தும் அவளோடு சேர்ந்து அலைந்தது. சித்திரை பிறந்தால் வழி பிறக்கும் என்று நினைத்த அன்று சித்திரை என்று எழுதிக்கொண்டது. சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வேலை இருக்கிறதாம் என்று யாரோ சொன்ன அன்று சிங்காநல்லூர். மிஷன் கோயிலில் முட்டிபோட்டுவிட்டு வந்த அன்று சிலுவை. மூன்று முறை விண்ணப்பம் கோயமுத்தூர்ப் பரீட்சை ஆபீஸுக்குப் போய் மூன்று முறையும் திரும்பி வந்தது. மூன்றாவது முறை, தகப்பனார் மாறிக்கொண்டே இருப்பதாகவும் ஒருவரை முடிவு செய்து டிசம்பர் பதினெட்டுக்குள் அனுப்புமாறும் பச்சை மையில் குறிப்பு எழுதியிருந்தார்கள். குறிப்பில் கோபம் எதுவும் இல்லை.

பதினெட்டாம் தேதி காலையில் சாந்தாமணி பாத்திரங்களைச் சாளைக்கு வெளியே எடுத்துவைத்தாள். பாயைச் சுருட்டினாள், கிருபாவின் புத்தகங்களைச் சாக்கில் கட்டினாள். பேரைச் சொல்லப்போகிறாள், சொன்னால் சாளை இல்லை, பிறகு எதற்கு வந்து துரத்தும்வரை காத்திருக்கவேண்டும். சாக்கை மிஷன் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஐயாசாமி வீட்டில் வைத்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அவர்கள் வாய்க்காலைத் தாண்டும்போதே சாளையின் சுவர்கள் மறுபடி மண்ணாகிவிட்டன என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பண்ணாடியின் வெள்ளை அம்பாசடர் நின்றது. தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று சாந்தாமணி நினைத்தாள். அவரோ டீச்சரின் மேஜைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயதாகியிருந்தது. வீட்டில் பிள்ளை இல்லை, சம்சாரம் போன தையில் இறந்துபோயிருந்தார். கணக்கில் நூறு வாங்கிய பெண்ணின் பெயரைப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் காரிலிருந்தே பார்த்துவிட்டு, ஒரு வாரமாக அந்த வழியாகவே போய்வந்துகொண்டிருந்தார்.

"எழுதிக்கோங்க டீச்சர்" என்றார். "நாந்தானுங்க. ஊருக்கெல்லாம் தெரிஞ்சதுதானுங்க. இனி மறைச்சு என்ன ஆவப்போவுது."

லட்சுமியம்மாள் விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பண்ணாடி சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, கட்டத்துக்குள் பெயரை முழுசாக எழுதினார். மை காய்வதற்குள் காகிதம் வெள்ளையாகிவிட்டது. இரண்டாவது முறை அழுத்தி எழுதினார். மூன்றாவது முறை டீச்சரின் பேனாவை வாங்கி எழுதினார். பெயர் நிற்கவில்லை.

"நீங்க எழுதுனா நிக்காதுங்க. அந்தப் புள்ளை சொன்னாத்தான் நிக்கும்" என்று டீச்சர் சாந்தாமணியைக் காட்டினார்.

பண்ணாடி எழுந்து நின்றார். பதினாறு வருடத்தில் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். "சொல்லுங்க அம்மணி" என்றார். அவளை அவர் ங்க போட்டுப் பேசியதும் அன்றுதான்.

சாந்தாமணி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதில் ஒரு வஞ்சகமும் இல்லை. பிள்ளைக்கு ஆகட்டும், மற்றதெல்லாம் போகட்டும் என்ற மனதோடுதான் வந்திருந்தாள். தேங்காய்ச் சிரட்டைப் புகை நினைவுக்கு வந்தது. அவருடைய புல்லட் வண்டிச் சத்தம் வந்தது. அவர் அந்தக் காலத்தில் போட்டிருந்த கைக்கெடிகாரம், அதன் தோல் வார், களத்து ஓரத்தில் அவர் நின்ற இடம், சொல்லிப்போடாத என்று சொன்ன குரல், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பேர் வரவில்லை. நாக்குக்கு அடியில் பதினாறு வருடம் அடக்கி வைத்த பேர், வைத்த இடத்தில் இல்லை. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் முழுசாகத் தேடினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மெதுவாகக் கேட்டாள். "உங்க பேரு என்னங்க?"

பண்ணாடி தன் பெயரைச் சொன்னார். மூன்று பெண்களும் காதால் கேட்டார்கள், ஒருவர் மனதிலும் தங்கவில்லை. மறுபடியும் சொன்னார். சாந்தாமணி திருப்பிச் சொல்ல உதட்டைக் குவித்தாள், முடியவில்லை. அவள் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. பண்ணாடி வாசலை ஒட்டிய பெஞ்சில் போய் உட்கார்ந்தார். லட்சுமியம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

தபால் மூன்று மணிக்குப் போய்விடும் என்பதால் டீச்சர் கடைசியாக ஒருமுறை, இனிஷியல் என்னம்மா என்று கேட்டார். சாந்தாமணி மகளைப் பார்த்தாள். சாளை போய்விட்டது, களத்து வேலை போய்விட்டது, பேரும் போய்விட்டது; எதுவும் இல்லாமல்தான் நின்றுகொண்டிருந்தாள், ஆனாலும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "சிங்க" என்றாள். டீச்சர் எழுதினார். எல்லோரும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆயிற்று. சி விரியவில்லை, மலையாகவில்லை, தண்ணீராகவில்லை, வெறும் எழுத்தாகவே நின்றது. டீச்சர் விரலால் தேய்த்துப் பார்த்தார், அழியவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டினார். கட்டம் முக்கால்வாசி காலியாக இருந்தும் லட்சுமியம்மாளுக்கு அன்று மதியச் சோறு இறங்கியது. பிப்ரவரியில் ஹால் டிக்கெட் வந்தது, தகப்பனார் பெயருக்கு நேராகச் சி என்று இருந்தது, பக்கத்திலேயே சரிபார்க்கப்பட்டது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அதற்குள் சாந்தாமணி ஐயாசாமி வீட்டுக்குப் பின்புற அறைக்கு வாடகைக்குப் போயிருந்தாள், பொள்ளாச்சியில் ஒரு கயிறு மில்லில் வேலைக்கும் சேர்ந்திருந்தாள். பண்ணாடி சாளைக்கே திரும்ப வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் விட்டார். இருக்கட்டுங்க என்று சொல்லி அனுப்பினாள்.

தொண்ணூற்றொன்பது மார்ச்சில் பொள்ளாச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிருபா பரீட்சை எழுதினாள். கணக்குப் பரீட்சை அன்று வெயில் கொளுத்தியது. வாசலில் காத்திருக்கும் பெற்றோர் பெயரையும் உறவையும் வாட்ச்மேன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சாந்தாமணிக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. பண்ணாடி அம்பாசடரை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்து வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது வாட்ச்மேன் பேரைக் கேட்டார், கேட்டதை எழுதினார், எழுதியது மறைந்துவிட்டது. இந்தப் பேனா சரியில்லை என்று உதறினார்.

"சரி வுடுங்க. புள்ளைக்கு நீங்க என்ன வேணுமுங்க?"

உள்ளே மணி அடித்துக் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊர்க்காரனுங்க" என்றார்.

வாட்ச்மேன் ஊர்க்காரர் என்று எழுதினார். அது அழியவில்லை. இரண்டரை மணி நேரம் ஆகும் என்று சொல்லி, உட்காருவதற்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.